பஸ் ஸ்டாண்டில் பருவம் பார்ப்பது

ஊட்டிக்கு வந்து ஹைக்கூ எழுத நினைப்பவர்களில் பலர் தொட்டபெட்டாவில்தான் தொடங்குகிறார்கள். 2,637 மீட்டர் உயரம், காலுக்குக் கீழே மேகம், கையில் புது நோட்டு. எழுதி முடித்துக் கீழே இறங்கும்போது அதில் மேகம், மௌனம், பனி, பச்சைக் கம்பளம் என்று நான்கு சொற்கள் இருக்கும். போன வருஷம் வந்தவர் நோட்டிலும் அதே நான்கு சொற்கள்தான் இருந்தன. அந்த இடத்தின் மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அவ்வளவு பெரிய காட்சி முன்னால் நிற்கும்போது கண் எதிலும் ஊன்றி நிற்காது என்பதுதான் சிக்கல். ஹைக்கூவுக்கு ஊன்றிய பார்வை வேண்டும்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் உங்களைக் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போகிறேன். பக்கத்திலேயே ரயில் நிலையம், எட்டிய தூரத்தில் மார்க்கெட், மேலே பெட்ஃபோர்டு. ஊட்டியில் இருப்பவர்கள் பஸ் ஸ்டாண்டு, நகராட்சி மார்க்கெட், சேரிங்கிராஸ் என்று வைத்துக்கொள்ளலாம். மலையில் பருவம் மாறுவதை முதலில் சொல்வது இந்த இடங்கள்தான். வியூ பாயின்ட்டில் எல்லா மாதமும் மேகம் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் மாதத்துக்கு ஒரு பழம், ஒரு துணி, ஒரு கூட்டம், ஒரு வாசனை.

நகரத்தில் ஹைக்கூவா?

ஹைக்கூ என்றால் குளமும் தவளையும் குடிசையும் என்ற எண்ணம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. பாஷோ (1644–1694) முதலில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஊர் நடுவே கவிதை சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். நகரின் ஓரமான ஃபுககாவாவுக்கு அவர் குடிபோனது 1680இல். நெடும்பயணம் போனது அதற்கும் பின்னால், 1689இல். ஹைக்கூவுக்கு இன்றைய வடிவம் கொடுத்த மசஓகா ஷிகி (1867–1902) டோக்கியோவில் செய்தித்தாளில் வேலை பார்த்தவர். எலும்புருக்கியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த சிறு தோட்டத்தை வைத்து எழுதிக்கொண்டே இருந்தார். ‘ஷாசெய்’ என்று அவர் சொன்ன முறைக்கு நேரில் கண்டதைக் கோட்டோவியம்போல் தீட்டுவது என்று பொருள். இந்தப் புத்தகம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

மேற்கில் எஸ்ரா பவுண்டின் கதை தெரிந்துகொள்ள வேண்டியது. பாரிஸின் கான்கார்ட் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கியவர், கூட்டத்தில் அடுத்தடுத்துச் சில அழகிய முகங்களைக் கண்டார். முதலில் முப்பது வரி எழுதிக் கிழித்துப் போட்டார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி நீளத்துக்கு ஒன்று எழுதினார். அதற்கும் ஒரு வருஷம் கழித்து மிஞ்சியது இரண்டே வரி, பதினான்கு சொல். 1913இல் அச்சான அந்தக் கவிதைக்குக் களம் ரயில் பிளாட்பாரம். வடிவம் அவர் ஜப்பானியக் கவிதையிடம் கற்றது.

தமிழில் பாரதியார் 1916 அக்டோபர் 16 அன்று சுதேசமித்திரனில் ‘ஜப்பானியக் கவிதை’ என்ற கட்டுரையை எழுதினார். சொற் சுருக்கத்தின் பெருமையை அவர் அப்போதே பிடித்துவிட்டார். அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’ 1974இல் வந்தது. அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’ இரண்டும் 1984இல் வந்து, தமிழில் ஹைக்கூவுக்குத் தனித்தொகுப்பு என்ற வழக்கத்தைத் தொடங்கிவைத்தன. அன்றிலிருந்து நம்மவர்கள் இந்த வடிவத்தைச் சமூகக் கோபத்துக்கு நிறையப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அதனோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. முதல் இரண்டு வரியில் ஒரு ஏற்பாடு, மூன்றாம் வரியில் ஒரு குத்து. கைதட்டல் விழும். இரண்டாம் முறை படிக்கும்போது அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நானும் அப்படி எழுதியவன்தான். ஊட்டி தாவரவியல் பூங்கா பக்கம், கம்பளி ஆடை விற்கும் திபெத்தியர் கடை வரிசையில் நின்று ஒருமுறை இப்படி எழுதினேன்:

முதல் வெயில்
ஸ்வெட்டர் விற்பவள் கழற்றுகிறாள்
தன் ஸ்வெட்டரை

படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தபோது அந்தப் பெண் அதில் இல்லை. என் சாமர்த்தியம் மட்டும்தான் இருந்தது. அவள் முகம், கை, கடையின் பிளாஸ்டிக் கூரை, எதுவுமே இல்லை. மனிதர்களைப் பற்றிய குறும்பான மூவடிக்கு ஜப்பானில் சென்ரியு என்று தனிப்பெயரே உண்டு. அதை எழுதுவது தவறில்லை. ஆனால் எழுதுவது எது என்று தெரிந்து எழுதுங்கள்.

பருவச் சொல்: நம் கையில் ஏற்கெனவே இருப்பது

ஜப்பானிய ஹைக்கூவில் ‘கிகோ’ என்ற பருவச் சொல் ஒன்று இருக்கும். அந்தச் சொல் வந்தால் போதும், இது எந்தக் காலம் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அந்தச் சொற்களைத் தொகுத்த அகராதிகளுக்கு ‘சைஜிகி’ என்று பெயர். தமிழனுக்கு இது புதிதில்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வைத்தது. குறிஞ்சிக்கு நிலம் மலை, பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள். அதன் மேல்தான் மனம் ஏறி நிற்கும். மனதை நேரே சொல்லாமல் கருப்பொருளை வைத்துச் சொல்லும் உள்ளுறையை விட ஹைக்கூவுக்கு நெருங்கிய சொந்தம் வேறு எந்த மொழியிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் குறிஞ்சியின் பழைய கருப்பொருளை அப்படியே எடுத்து இன்றைய குன்னூருக்குப் போட முடியாது. தினைப்புனம் இல்லை. கிளி ஓட்டும் பரண் இல்லை. தேயிலை இருக்கிறது, அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் இருக்கிறது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூரத் தைல மரம் இருக்கிறது, கேரட் இருக்கிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்காக அரசு உண்டாக்கிய டேன்டீ தோட்டங்களும் அவற்றின் லைன் வீடுகளும் இருக்கின்றன. இவைதாம் இன்றைய கருப்பொருள். குறிஞ்சிப் பூவும் இருக்கிறது. 2018இல் பூத்தது, இனி 2030. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பூவை வைத்து மாதாமாதம் கவிதை எழுத முடியாது.

எனவே இந்த அத்தியாயத்தின் முதல் வேலை, உங்கள் ஊருக்கு நீங்களே ஒரு பருவச் சொல் ஏடு தயாரிப்பது. மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பூவையும் பறவையையும் மட்டும் எழுதாமல், கடைத்தெருவில் மாறுவதையும் குறியுங்கள். என் ஏட்டிலிருந்து கொஞ்சம் தருகிறேன்.

கார்த்திகை நெருங்கும்போது ஊட்டியில் ‘நீர்ப்பனி விழ ஆரம்பித்துவிட்டது’ என்பார்கள். புல் நனைந்திருக்கும், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் காலை ரேஸ்கோர்ஸ் வெள்ளையாக இருக்கும், அது உறைபனி. வெளியூர்க்காரர் இரண்டையும் பனி என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவார். ஊர்க்காரருக்கு இரண்டும் வேறு மாதம், வேறு குளிர், வேறு நஷ்டம். உறைபனி விழுந்தால் தேயிலை கருகும். டாக்சி ஸ்டாண்டில் அட்டையும் சருகும் கூட்டித் தீ மூட்டுவார்கள். நிறுத்திவைத்த கார்களின் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவார்கள்.

டாக்சி மேல் உறைபனி
யாரோ விரலால் எழுதிய பெயர்
கதவு வரை வழிகிறது

மார்கழி, தை மாதங்களில் படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை. அந்த நாட்களில் பஸ்ஸில் வெள்ளை உடை நிறையத் தெரியும். மாசி, பங்குனியில் வறட்சி. காட்டுத்தீயின் புகை வாசனை, தண்ணீர் லாரி, குடத்தோடு வரிசை. பங்குனி வாக்கில் ஜெக்கரண்டா நீலமாகப் பூத்து, உதிர்ந்த பூவின் மேல் ஜீப் ஏறிப்போகும். சித்திரை வந்தால் ‘சீசன்’. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பருவம் என்று பொருள் கிடையாது, கூட்டம் என்று பொருள். ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, மலைப்பாதை ஒருவழி ஆகும், பிளம்ஸ் வரும். 2024 மே 7 முதல் இதனோடு இன்னொரு சொல்லும் சேர்ந்துவிட்டது. உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபடி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். என் ஏட்டில் அது கோடைக்கான பருவச் சொல்.

இ-பாஸ் வரிசை
காருக்குக் கார் நகர்கிறது
குட்டி சுமந்த குரங்கு

ஒரு எச்சரிக்கை. ஊட்டியும் குன்னூரும் சாலையில் இருபது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் பருவம் ஒன்றல்ல. ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர் அளவில். ஆனி, ஆடியின் தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் ஊட்டியின் மேற்குப் பகுதியையும் ஊறவைக்கும். குன்னூர், கோத்தகிரிக்குப் பெரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். மண்சரிந்து பாறை உருண்டு, மேட்டுப்பாளையம் ரயில் ரத்து என்று பலகை வைப்பதும் அப்போதுதான். ‘நீலகிரி மழை’ என்று ஒரே மழையாக எழுதாதீர்கள். எந்த ஊர் மழை என்று எழுதுங்கள். ஆடிச் சாரலில் ஊட்டி டீக்கடையில் வர்க்கி கொஞ்ச நேரத்தில் பதம் போய்விடும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த வர்க்கி அடுக்கடுக்காக மொறுமொறுவென்று இருந்தால்தான் வர்க்கி.

ஆடிச் சாரல்
டீயில் தொடுமுன்பே நமுத்துவிட்டது
வர்க்கி

இதில் சோகம் என்ற சொல் இல்லை, ஈரம் என்ற சொல் இல்லை, குளிர் என்ற சொல்லும் இல்லை. மூன்றும் வர்க்கிக்குள் இருக்கின்றன. பருவச் சொல் செய்யும் உதவி இதுதான். காலத்தை அது சுமந்துகொள்வதால் மற்ற இரண்டு வரியும் வேறு வேலை பார்க்கலாம்.

பதினேழு அசையும் தமிழும்

ஐந்து, ஏழு, ஐந்து என்று எண்ண வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். ஜப்பானியர் எண்ணும் ஒலியலகு அவர்கள் மொழிக்குப் பொருந்துவது. தமிழில் வினைச்சொல் தன் பின்னால் காலம், இடம், எண், பால் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். ‘பறித்துக்கொண்டிருக்கிறாள்’ என்ற ஒரே சொல்லில் பதின்மூன்று எழுத்து. பதினேழில் அதுவே பதின்மூன்றைத் தின்றுவிட்டால் மிச்சம் நான்கு எழுத்தில் மலையையும் மழையையும் எங்கே வைப்பது?

அதே வினைச்சொல் நமக்கு ஒரு வரமும் தருகிறது. ‘பறிக்கிறாள்’ என்றால் பெண் என்பது தெரிந்துவிட்டது. ‘அவள்’ என்ற சொல்லைத் தயங்காமல் வெட்டலாம். என் கணக்கு இவ்வளவுதான்: மூன்று வரி, ஆறு முதல் பத்துச் சொல், ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ‘இருக்கிறது’, ‘கொண்டிருக்கிறது’ எங்கே வந்தாலும் அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கவிதை முன்னைவிடத் தெளிவாக நிற்கும்.

ஜப்பானியர் கவிதையை இரண்டாக அறுக்க ‘யா’, ‘கானா’ போன்ற வெட்டுச் சொற்களை வைத்திருக்கிறார்கள். நமக்கு அகவலின் ஈற்று ஏகாரம் உண்டு என்றாலும், இன்றைய மூவடியில் அதைப் போட்டால் பழைய வாசனை வந்துவிடுகிறது. நமக்கு இருக்கும் நல்ல வெட்டு, வினையில்லாமல் நிற்கும் பெயர்ச்சொல். ‘ஆடிச் சாரல்’ என்று ஒரு பெயரை நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போனால் நடுவில் ஒரு வெற்றிடம் விழும். அதில் படிப்பவர் கால் வைப்பார். ஒவ்வொரு கவிதையிலும் கோடு போட்டு, மூன்று புள்ளி வைத்து அந்த வெற்றிடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

‘போல’ வேண்டாம். மேகம் பஞ்சு போல என்று எழுதிய அந்த நிமிஷமே மேகமும் போய்விடும், பஞ்சும் நிற்காது.

பேருந்தா, பஸ்ஸா என்று ஒருவர் கேட்டார். உங்களோடு படியில் தொங்கிக்கொண்டு வருபவர் என்ன சொல்கிறாரோ அதை எழுதுங்கள். ‘கவ்வாத்து’ என்று தோட்டத்தில் சொல்வார்கள். தேயிலைச் செடியை வெட்டி மட்டப்படுத்துவது. அதைச் ‘செடி கத்தரித்தல்’ என்று மாற்றினால் தோட்டமே மாறிவிடும். செய்தித்தாள் ‘காட்டெருமை’ என்று எழுதுவதை ஊரில் ‘காட்டுமாடு’ என்பார்கள். இருட்டியபின் குன்னூர் தெருக்களில் அது சாவகாசமாக நடந்து போகும், நாம் ஒதுங்கி நிற்போம்.

காட்டுமாடு போன தெரு
தெருவிளக்கில் ஆவி பறக்கும்
சாணம்

காதைத் திறந்துவைப்பது

மலையூரில் மூடுபனி இறங்கினால் கண்ணுக்கு வேலை இல்லை. பலர் நோட்டை மூடிவிடுகிறார்கள். அப்போதுதான் காதுக்கு வேலை தொடங்குகிறது. குன்னூரில் விடிவதற்கு முன் சீகார்ப் பூங்குருவி விசிலடிப்பது கேட்கும். யாரோ ஒரு பையன் பாட்டு மறந்துபோய்த் தடுமாறுவதாகவே முதலில் தோன்றும். அதற்குப் பிறகு முதல் பஸ் ஸ்டார்ட் ஆகும், ஷட்டர் தூக்கும் ஓசை வரும்.

காதுக்குப் பயிற்சி வேண்டுமானால் மலை ரயிலில் ஒருமுறை போய் வாருங்கள். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதை. 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குக் கிளம்பும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்தடம் தொடங்கும். ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னால் நின்று தள்ளும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன், கையில் கொடியோடு. எல்லோரும் பள்ளத்தாக்கைப் படம் எடுக்கும்போது நீங்கள் அந்தப் பிரேக்ஸ்மேனின் கையைப் பாருங்கள். குகை வந்ததும் பெட்டி பெட்டியாகக் கத்துவார்கள், நீங்கள் கத்த வேண்டாம்.

குகை இருட்டு
கூச்சல் ஓய்ந்ததும் கேட்கிறது
பல்சக்கரம்

ஒரு கவிதை உருவான விதம்

இனி என் நோட்டிலிருந்து ஒரே ஒரு கவிதையை எடுத்து, அது பட்ட அடிகளை எல்லாம் காட்டுகிறேன்.

சாரல் அடித்த ஒரு சாயங்காலம். குன்னூரிலிருந்து தோட்டங்கள் வழியாகப் போகும் பஸ். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. எனக்கு முன் சீட்டில், கொழுந்து பறித்துவிட்டு மார்க்கெட்டுக்கும் போய்வந்த ஒரு அம்மா. தலையில் துண்டு, மடியில் காய்கறிப் பை. விரல் நுனிகளும் நகக்கண்ணும் கறுத்துக் கிடந்தன. கொழுந்தின் சாறு பட்டுப் பட்டு ஏறிய கறை. வீட்டுக்கு வந்து எழுதியது இது:

வறுமையின் கறை விரல்களில்
உலகம் ருசித்துக் குடிக்கிறது
தேநீர்

மேடையில் சொன்னால் எடுபடும். ஆனால் இதில் நான் பார்த்தது எது? வறுமை என்பது நான் ஒட்டிய லேபிள். உலகம் என்பது நான் பார்க்காதது. அந்தப் பஸ் இல்லை, சாரல் இல்லை, ஜன்னல் இல்லை. அந்த அம்மாவும் ஒரு வாதத்துக்குச் சாட்சியாக நிற்கிறார், அவ்வளவுதான். அடித்துவிட்டு, அன்று உண்மையில் கண்ணில் பட்டதை மட்டும் உரைநடையில் எழுதினேன்: ‘கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதா என்று பார்க்க விரலால் துடைத்தார்.’ இரண்டு வாக்கியம். கவிதை அதற்குள்தான் இருந்தது.

ஜன்னலை விரலால் துடைத்து
ஊர் வந்ததா என்று பார்க்கிறாள்
தேயிலை பறிப்பவள்

இப்போது காட்சி வந்துவிட்டது. ஆனால் மூன்றாம் வரி அறிமுக அட்டைபோல் இருக்கிறது. தொழிலைச் சொல்லி முடிக்கிறது. கறை காணாமல் போய்விட்டது. ‘ஊர் வந்ததா என்று’ என்பது துடைப்பதன் காரணத்தை விளக்குகிறது. காரணம் படிப்பவருக்குத் தெரியும், அவரும் பஸ்ஸில் போனவர்தானே. தொழிலைக் கறையே சொல்லட்டும் என்று விட்டேன். பொழுதுக்கு ஒரு பெயர் வேண்டும். ‘மாலை பஸ்’ என்று போட்டேன், பிறகு ‘கடைசி பஸ்’ ஆனது. நான் வந்தது கடைசி பஸ் இல்லை. இந்த இடத்தில் நிறைய யோசித்தேன். பார்க்காததை எழுதலாமா? நாள் கணக்கில் சின்ன மாற்றம் செய்யலாம் என்பது பலர் கட்சி. என் கட்சி வேறு. கடைசி பஸ் என்றதும் ஒரு சோகம் இலவசமாகச் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சோகத்தை நான் அங்கே பார்க்கவில்லை. அவர் சாதாரணமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அதனால் பழையபடி மாலைக்கே திரும்பினேன்.

சாரல் மாலை பஸ்
ஆவிக் கண்ணாடியைத் துடைக்கின்றன
கொழுந்துக் கறை விரல்கள்

ஒன்பது சொல்லுக்குள் அடங்கிவிட்டது. இதற்கு இரண்டு மாதம் ஆயிற்று.

நோட்டும் நேரமும்

பென்சில் எடுத்துப் போங்கள். சாரலில் மைப்பேனா எழுத்து கலைந்துவிடும், குளிரில் ஜெல் பேனா மக்கர் செய்யும். சட்டைப் பைக்குள் அடங்கும் நோட்டு போதும். மேலே தேதி, தமிழ் மாதம், இடம் எழுதுங்கள். கீழே கண்டது, கேட்டது, மணந்தது. மனதில் பட்டதை அன்றைக்கு எழுத வேண்டாம். அதற்கு வீட்டில் நேரம் இருக்கிறது. ஓரிடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். முதல் பத்து நிமிஷம் எல்லோருக்கும் தெரிவதுதான் தெரியும். விடியற்காலையில் காய்கறி லாரி வரும் நேரமும், பள்ளிக்கூடம் விடும் நேரமும், தோட்ட வேலை முடிந்து திரும்பும் நேரமும் நல்ல நேரங்கள். கேத்தி பாலாடா பக்கம் போனால் கேரட் கழுவும் இயந்திரத்தின் அருகே நின்று பாருங்கள். மண்ணோடு உள்ளே போவது ஆரஞ்சு நிறத்தில் வெளியே வரும், செம்மண் தண்ணீர் காலடியில் ஓடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தோடர் மந்தின் வளைந்த கூரையையும், சிவப்பும் கறுப்பும் தைத்த போர்வையையும் பார்த்த உடனே கவிதையில் தூக்கிவைத்துவிடாதீர்கள். அது அவர்கள் வீடு, அவர்கள் உடுப்பு. பெயர் தெரியாமல், பேசாமல், தூரத்திலிருந்து எடுத்த படத்தை மூன்று வரியில் மாட்டினால் அது காலண்டர்தான். பழகுங்கள், உட்காருங்கள், அப்புறம் எழுதுங்கள். தோட்டத் தொழிலாளிக்கும் இதே மரியாதைதான்.

கடைசி வேலை ஒன்று பாக்கி. எழுதியதை இலக்கிய நண்பரிடம் காட்டுவதற்கு முன், அந்த விஷயம் தெரிந்தவரிடம் படித்துக்காட்டுங்கள். கண்ணாடி துடைத்த கவிதையை, எங்கள் தெருவில் இருந்துகொண்டு தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு அக்காவிடம் படித்தேன். அதோடு, முதுகில் மூங்கில் கூடை என்று வரும் இன்னொரு கவிதையையும் படித்தேன்.

“கூடைய எங்க பாத்தீங்க தம்பி? இப்ப எல்லாம் பைதான். படத்துலதான் கூடை இருக்கு” என்றார் அவர்.

“அந்தக் கறை?”

“அது சரிதான். ஆனா அந்தம்மா கையில பறிக்கிறவங்களா இருக்கும். கத்தரியில வெட்டுனா விரல்ல அவ்வளவு பிடிக்காது.”

கூடைக் கவிதையை அன்றே கிழித்தேன். நான் பார்த்த விரலில் கறை இருந்தது, அதனால் பஸ் கவிதை நின்றது. நீங்களும் அச்சுக்குக் கொடுக்குமுன் ஒவ்வொரு கவிதைக்கும் அப்படி ஒருவரைத் தேடிப் போங்கள். வர்க்கி பற்றி எழுதினால் பேக்கரிக்காரரிடம், உறைபனி பற்றி எழுதினால் டாக்சி ஓட்டுநரிடம், பல்சக்கரம் பற்றி எழுதினால் பிரேக்ஸ்மேனிடம். அவர்கள் ‘ஆமாம்’ என்று சொன்ன பிறகு நோட்டின் ஓரத்தில் தேதியோடு ஒரு டிக் போடுங்கள். என் நோட்டில் இருநூறுக்கு மேல் மூவடிகள் இருக்கின்றன. டிக் விழுந்தவை முப்பத்தொன்று.